சுக்கானில் யார் நிற்கலாம்: பெரிய விசைப்படகும் குடும்பத்தாருக்கான காப்பீடும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஃபோர்ட் லாடர்டேலில் வசிக்கிறீர்கள். ஏழு ஆண்டுகளாக 28 அடி அவுட்போர்டு படகு (பின்புறத்தில் வெளியே இயந்திரம் மாட்டிய படகு) ஒன்றை ஓட்டிவந்தீர்கள். இப்போது இரட்டை டீசல் இயந்திரம் பொருத்திய 50 அடி மோட்டார் யாட் (பெரிய உல்லாச விசைப்படகு) ஒன்றை வங்கிக் கடனில் வாங்கியிருக்கிறீர்கள். உரிமம் பெற்ற கேப்டன் ஒருவரோடு சில காலம் ஓட்டிப் பழகிய பிறகே நீங்கள் தனியாக ஓட்டலாம் என்று காப்பீட்டு நிறுவனம் நிபந்தனை போட்டிருக்கிறது. உங்கள் மனைவியையும் 20 வயது மகனையும் ஓட்டுவோர் பட்டியலில் சேர்க்க அது இப்போதைக்கு மறுக்கிறது. ஆண்டுதோறும் சென்னையிலிருந்து வந்து ஒரு மாதம் தங்கும் உங்கள் மைத்துனர், வணிகக் கப்பலில் பொறியாளராக இருப்பவர், அவரைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாரையும் சேர்க்க வழி என்ன என்பது நீங்கள் எழுதிய கேள்வி. சேர்க்காமலேயே மகன் அவ்வப்போது ஓட்டினால் என்ன ஆகும் என்பது நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி என்று நினைக்கிறேன். இரண்டாவதற்குப் பதில் தெரிந்தால்தான் முதலாவதற்கு எவ்வளவு பாடுபடுவது என்று நீங்கள் முடிவு செய்ய முடியும்.

தென் ஃபுளோரிடாவில் 22 ஆண்டுகளாகப் படகுக் காப்பீட்டுத் தரகனாக இருக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். உங்கள் பாலிசியின் வாசகத்தையும் நான் பார்க்கவில்லை. சட்டம் என்று கீழே சொல்பவற்றை நீங்களே எடுத்துப் படித்துச் சரிபார்க்கலாம். காப்பீட்டு நிறுவனங்களின் மனப்போக்கு என்று சொல்பவை என் மேசைக்கு வந்த கோப்புகளிலிருந்து நான் தெரிந்துகொண்டவை. அவற்றை விதிகள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஃபுளோரிடாவில் சொந்த உல்லாசப் படகை ஓட்டுவதற்குக் கார் உரிமம் போன்ற ஒன்று கிடையாது. 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள், 10 குதிரைத்திறன் அல்லது அதற்கு மேற்பட்ட இயந்திரம் உள்ள படகை ஓட்ட, படகுப் பாதுகாப்புக் கல்வி அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு இது பொருந்தும். நீங்களும் உங்கள் மனைவியும் அந்தத் தேதிக்கு முன் பிறந்தவர்கள் என்பதால் உங்களுக்குப் பொருந்தாது. அந்த அட்டை இல்லாதவரும்கூட, 18 வயது நிறைந்த, அட்டை உள்ள அல்லது விலக்குப் பெற்ற ஒருவர் படகில் உடனிருந்து இயக்கத்தைக் கவனித்துப் பொறுப்பேற்றால் ஓட்டலாம். ஆகவே நீங்கள் அருகில் நிற்க உங்கள் மகன் சுக்கானைப் பிடிப்பது சட்டப்படி குற்றமன்று. நீர்ப்பாதையில் நிறுத்தி விசாரிக்கும் அதிகாரிக்கு இந்தப் பதில் போதும். விபத்துக்குப் பின் இழப்பீட்டுக் கோரிக்கையை ஆராய வரும் அலுவலருக்குப் போதாது. உல்லாசப் படகுக்குக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்லவில்லை. அதைக் கேட்பவை உங்களுக்குக் கடன் கொடுத்த வங்கியும் இடம் கொடுத்த படகுத்துறையும்தான். எனவே யார் ஓட்டலாம் என்பதை ஏறக்குறைய முழுவதும் ஒப்பந்த வாசகமே முடிவு செய்கிறது.

அந்த வாசகத்தில் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. காப்பீடு பெற்றவர் என்ற தகுதியும் ஓட்ட ஒப்புதல் பெற்றவர் என்ற தகுதியும் வேறுவேறு. உங்கள் பழைய 28 அடிப் படகின் பாலிசி, உரிமையாளரின் அனுமதியோடு ஓட்டும் எவரையும் ஏற்றுக்கொள்ளும் வகையைச் சேர்ந்ததாக இருந்திருக்கலாம். சிறு படகுகளுக்கு அதுவே பரவலான வழக்கம். பெரிய யாட்டுக்கு வந்தால் பெயர் குறிப்பிட்ட ஓட்டுநர்கள் மட்டுமே என்ற வகை வந்துவிடுகிறது. அதற்கு மேலும், இன்னார் ஓட்டும்போது கேப்டன் உடனிருக்க வேண்டும், இன்னார் பகலில் உள்நாட்டு நீர்ப்பாதையில் மட்டும் ஓட்டலாம் என்று ஆளுக்கு ஆள் நிபந்தனை போடுகிறார்கள். மனைவி வீட்டில் உடன் வசிப்பவர் என்பதால் காப்பீடு பெற்றவர் என்ற வரையறைக்குள் தாமாகவே வந்திருக்கலாம். அதனால் அவர் ஓட்டலாம் என்று பொருளாகிவிடாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் வாடிக்கையாளர் ஒருவரின் மகள், மிக மெதுவாகத் துறைக்குள் கொண்டுவந்த படகைக் காற்று தள்ளியதில் தூண் ஒன்றில் மோதிவிட்டார். சேதம் பெரிதில்லை. விசாரிக்க வந்தவர் சேதத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டது, "சுக்கானில் இருந்தது யார்?" என்பதுதான். விண்ணப்பத்தில் வீட்டில் வசிப்போர் என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. ஓட்டுவோர் என்ற இடத்தில் இல்லை. தந்தையோ மகளின் பெயரைக் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் இருந்தார். பழுதுபார்த்த செலவு அவர் கையிலிருந்து போயிற்று. அந்த இரண்டு இடங்களுக்கும் உள்ள வேறுபாட்டை விண்ணப்பம் நிரப்பிய நாளிலேயே நான் அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

இதனோடு இன்னொரு நுட்பமும் சேர்ந்திருக்கிறது. ஓட்டுதல் என்பதற்குப் பாலிசி என்ன பொருள் கொள்கிறது? ஒப்புதல் பெற்ற நீங்கள் பக்கத்தில் நின்று கட்டளையிட, மகன் சக்கரத்தைப் பிடித்திருந்தால் ஓட்டுபவர் யார்? சில வாசகங்கள் படகின் பொறுப்பில் இருப்பவரைப் பார்க்கின்றன. சில, கட்டுப்பாடுகளில் கை வைத்திருப்பவரைப் பார்க்கின்றன. பல வாசகங்கள் வரையறுக்காமலேயே விட்டுவிடுகின்றன. வரையறுக்காத இடத்தில் உங்களுக்குச் சாதகமாகத்தான் பொருள் கொள்வார்கள் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ஒப்புதல் பெற்றவர் உடனிருந்து நேரடியாக மேற்பார்வை செய்யும்போது குடும்பத்தார் ஓட்டலாமா என்ற ஒற்றைக் கேள்வியைத் தரகர் வழியாக மின்னஞ்சலில் கேளுங்கள். ஆம் என்றால் அதைப் பாலிசியின் இணைப்பாகவே எழுதி வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன ஆமாம், உரிமை கோரும் நாளில் எங்கும் பதிவாகியிருக்காது.

அவர்கள் ஏன் மறுக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். ஒருவர் இதுவரை ஓட்டிய மிகப் பெரிய படகின் நீளத்துக்கும் இப்போது வாங்கிய படகின் நீளத்துக்கும் இடையே உள்ள தாவலைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பத்துப் பதினைந்து அடிக்கு மேல் போனால் கேள்வி வரும் என்பது என் அனுபவம். நீங்கள் தாவியிருப்பது 22 அடி. நீளம் இங்கே எடைக்கும் ஒரு குறியீடு. 50 அடி மோட்டார் யாட் இருபது டன் அளவுக்கு எடை இருக்கலாம். அது உந்தத்தை இழந்து நிற்க எடுத்துக்கொள்ளும் தூரமும், அதன் உயர்ந்த பக்கங்கள் காற்றைப் பிடிக்கும் விதமும் அவுட்போர்டு படகில் கற்றுக்கொள்ள முடியாதவை. அவுட்போர்டில் இயந்திரத்தையே திருப்பி உந்துவிசையின் திசையை மாற்றுகிறீர்கள். தண்டு வழியாகச் சுழலும் இரட்டை உந்துவிசிறிகள் (புரொப்பெல்லர்) கொண்ட படகிலோ, துறைக்குள் மெதுவாக வரும்போது சுக்கான் ஏறக்குறையப் பயனற்றுப் போகும். ஒரு கியரை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் போட்டுத்தான் படகைத் திருப்ப வேண்டும். இரண்டு இயந்திரங்களையும் ஒரே கைப்பிடியால் இயக்கும் ஜாய்ஸ்டிக் உங்கள் படகில் இருந்தால் இது எளிதாகும். ஆனால் ஜாய்ஸ்டிக் பழுதானால் என்ன செய்வீர்கள் என்று கேட்கும் நிறுவனங்களும் உண்டு. அது நியாயமான கேள்விதான்.

மனைவியைச் சேர்ப்பது முதலில் கைகூடும் என்று நினைக்கிறேன்; அங்கிருந்து தொடங்குங்கள். நிறுவனம் கேட்பது ஓர் அனுபவக் குறிப்பு: எந்தெந்தப் படகு, எத்தனை அடி, என்ன இயந்திரம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்த நீர்ப்பகுதி, விபத்து உண்டா. பழைய படகை அவர் ஓட்டியிருந்தால் அதை எழுதுங்கள். கூட இருந்து பயணம் மட்டும் செய்திருந்தால் அப்படியே எழுதுங்கள், ஓட்டியதாக எழுத வேண்டாம். சட்டம் கேட்காவிட்டாலும் பாதுகாப்புப் பயிற்சியை அவரும் முடிக்கட்டும். 1914இல் தொடங்கிய அமெரிக்க பவர் ஸ்குவாட்ரன்ஸ் என்ற படகோட்டிகள் அமைப்பும் 1939இல் தொடங்கிய கடலோரக் காவல்படைத் துணைப்படையும் நடத்தும் வகுப்புகளைக் காப்பீட்டாளர்கள் நன்கு அறிவார்கள். கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் வெளியிடும் விபத்துக் கணக்கில், ஓட்டியவர் பயிற்சி பெற்றவரா என்று தெரிந்த மரணங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று, பயிற்சி பெறாதவர் ஓட்டிய படகுகளில் நேர்ந்தவை என்று அண்மை ஆண்டுகளில் வந்துகொண்டிருக்கிறது. அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு ஏன் என்பது அதிலிருந்து விளங்கும்.

வகுப்பைவிட எடை கூடியது கேப்டனின் கடிதம். உங்களுக்காகக் கேப்டனை எப்படியும் அமர்த்தத்தான் போகிறீர்கள். அதே நாள்களில் மனைவியையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து மணி நேரம் போதும் என்ற நிறுவனத்தையும் நாற்பது கேட்ட நிறுவனத்தையும் பார்த்திருக்கிறேன். எத்தனை மணி, எந்த உரிமம் உள்ள கேப்டன் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்ததும் அவர் நன்றாக ஓட்டுகிறார் என்று ஒரே வரியில் வரும் கடிதத்தைக் காப்பீட்டு நிறுவன அலுவலர்கள் பெரிதாக மதிப்பதில்லை. தேதி, மணி, எத்தனை முறை துறையில் கட்டினார், குறுக்குக் காற்றில் கட்டினாரா, இரவில் ஓட்டினாரா, ஹில்ஸ்பரோ போன்ற மணல் ஏறும் கழிமுகத்தில் உள்ளேயும் வெளியேயும் போய்வந்தாரா, ஓர் இயந்திரம் நின்றதாகக் கொண்டு மற்றதை மட்டும் வைத்துத் துறை சேர்ந்தாரா என்பவை வரிசையாக வரும் கடிதத்தை யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. நீங்கள் கடலில் மயங்கி விழுந்தால் படகைக் கரைசேர்க்கப் போகிறவர் உங்கள் மனைவிதான் என்பதையும் அந்தக் கோரிக்கையோடு எழுதுங்கள். தனியாக ஓட்டத் தெரிந்த இரண்டாவது ஆள் இருப்பது நிறுவனத்துக்கும் நல்லது; நான் பழகிய அலுவலர்கள் இந்த வாதத்தைக் காதில் வாங்கிக்கொள்கிறார்கள்.

கேப்டனுக்குச் சம்பளம் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். படகில் அவருக்குக் காயம் ஏற்பட்டால், கடற்பணியாளர் தம்மை அமர்த்தியவர் மீது காயத்துக்காக வழக்குத் தொடர வழிசெய்யும் 1920ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டப்படி அவர் கடற்பணியாளராகக் கருதப்படலாம்; சில நாள்களுக்கு மட்டும் அமர்த்தியவர் அதற்குள் வருவாரா என்பது சூழ்நிலையைப் பொறுத்து மாறும். வாதாடிப் பார்ப்பதைவிட, சம்பளப் பணியாளருக்கான பாதுகாப்பைப் பயிற்சிக் காலத்துக்காவது பாலிசியில் சேர்ப்பதற்கு ஆகும் செலவு குறைவு.

மகனைப் பொறுத்தவரை உங்களுக்கு இனிப்பான பதில் என்னிடம் இல்லை. இந்த அளவுப் படகுக்கு 25 வயதுக்கு உட்பட்டவரைத் தனியாக ஓட்ட ஒப்புக்கொள்ளும் நிறுவனங்கள் குறைவு. கேட்காமல் விட வேண்டாம், ஆனால் முதல் ஆண்டிலேயே கிடைக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். படகுக்கும் காருக்கும் தொடர்பில்லை என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். நிறுவனங்களோ அவர்களுடைய கார் ஓட்டும் பதிவை வரவழைத்துப் பார்க்கின்றன. இரண்டு அதிவேக அபராதச் சீட்டுகள் படகு விண்ணப்பத்தையும் கெடுக்கும். முதல் ஆண்டில் மேற்பார்வையில் மட்டும் ஓட்டலாம் என்ற இணைப்பைக் கேளுங்கள். அது கிடைத்தால், ஒவ்வொரு பயணத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். பாலிசி புதுப்பிக்கும் காலத்தில் அந்தக் குறிப்பேட்டையும் அட்டையையும் தூய்மையான கார் பதிவையும் சேர்த்து அனுப்பினால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். படிப்பில் கெட்டிக்காரன், நீச்சல் வீரன் என்பவற்றை எழுத வேண்டியதில்லை. பெற்றோர் எழுதாமல் இருப்பதில்லை.

இனி எழுதாத கேள்வி. பட்டியலில் இல்லாத மகன் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் நிறுவனம் பணம் தர மறுக்கலாமா? கடல்சார் காப்பீட்டில் வாரண்டி என்ற சொல்லுக்கு, குளிர்சாதனப் பெட்டி வாங்கும்போது கிடைக்கும் உத்தரவாதம் என்ற நமக்குப் பழக்கமான பொருள் கிடையாது. நீங்கள் நிறுவனத்துக்குக் கொடுக்கும் வாக்குறுதி அது. இன்னார் மட்டுமே ஓட்டுவர் என்பது அத்தகைய வாக்குறுதியாக எழுதப்பட்டிருக்கலாம். பழைய கண்டிப்பான விதிப்படி, வாக்கு மீறினால், மீறலுக்கும் விபத்துக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும் காப்பீடு போய்விடும். ஃபுளோரிடா சட்டம் இதைத் தளர்த்துகிறது: 627.409ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, கடல்சார் பாலிசியின் நிபந்தனையை மீறியதால் உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள வழியில் அபாயம் கூடியிருந்தால் மட்டுமே பாலிசி செல்லாமல் போகும் என்கிறது. 2017ஆம் ஆண்டின் இர்மா புயலில் மூழ்கிய யாட் ஒன்றைப் பற்றிய ஓஷன் ரீஃப் சார்ட்டர்ஸ் வழக்கில் இது நேராகவே எழுந்தது. முழுநேரக் கேப்டன் இருப்பார் என்ற வாக்குறுதி அந்தப் பாலிசியில் இருந்தது, கேப்டன் இல்லை. ஃபுளோரிடாவுக்கும் உரிய கூட்டாட்சி நீதிமன்றமான பதினோராம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல், கேப்டன் பற்றிய அந்த வாக்குறுதிக்குக் கண்டிப்பான கூட்டாட்சி விதி பொருந்தாது, ஃபுளோரிடா சட்டமே பொருந்தும் என்றது.

அதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட முடியாதபடி 2024இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. 2019இல் ஃபோர்ட் லாடர்டேல் அருகே ரெய்டர்ஸ் ரிட்ரீட் ரியால்ட்டி என்ற நிறுவனத்தின் படகு தரைதட்டியது. தீ ஏதும் பிடிக்கவில்லை. ஆனால் தீயணைப்புக் கருவிகளுக்குக் காலத்தில் மறுசான்று பெறவில்லை என்று சொல்லிக் காப்பீட்டாளர் கோரிக்கையை மறுத்தார். அந்தப் பாலிசி நியூயார்க் சட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. கடல்சார் ஒப்பந்தத்தில் இப்படிச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் பிரிவு பொதுவாகச் செல்லும், விலக்குகள் மிகக் குறுகியவை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆகவே நீங்கள் ஃபுளோரிடாவில் வசித்து, ஃபுளோரிடா நீரில் மோதினாலும், பாலிசி நியூயார்க் சட்டத்தைச் சுட்டினால் மேலே சொன்ன 627.409 உங்கள் உதவிக்கு வராமல் போகலாம். இன்று மாலையே பாலிசியை எடுத்து, எந்த மாநிலச் சட்டம் என்று சொல்லும் பத்தியைத் தேடுங்கள். பெரும்பாலும் அது கடைசிப் பக்கங்களில் இருக்கும்.

ஃபுளோரிடா சட்டமே பொருந்தினாலும், அனுபவமில்லாத இருபது வயது இளைஞர் ஓட்டியது அபாயத்தைக் கூட்டியதா என்பது வழக்குக்கு வழக்கு நிபுணர்களை வைத்து வாதாட வேண்டிய கேள்வி. முடிவை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறொன்று. நீங்கள் மட்டும்தான் ஓட்டுவீர்கள் என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டு, மகன் வழக்கமாக ஓட்டுவதை மறைத்தால், அது நிபந்தனை மீறல் என்பதைக் கடந்து உண்மையை மறைத்த குற்றச்சாட்டாகிவிடும். கடல்சார் காப்பீடு மீயுயர் நன்னம்பிக்கையின் மேல், அதாவது முக்கியமான எதையும் மறைக்காமல் சொல்லும் கடமையின் மேல், நிற்கும் ஒப்பந்தம். அங்கே நிறுவனம் பாலிசியைத் தொடக்கத்திலிருந்தே இல்லாததாக ஆக்கக் கேட்கலாம். 627.409இன் தளர்வு அந்த இடத்தில் உங்களுக்குப் பெரிதாக உதவாது. எழுதாத கேள்விக்கு என் பதில் இதுதான்: பட்டியலில் சேர்க்கும் வரை மகன் தனியாக ஓட்டக் கூடாது.

வங்கிக் கடன் இருப்பதால் இன்னொரு மயக்கத்தையும் நீக்கிவிடுகிறேன். நிபந்தனை மீறலுக்கான பாதுகாப்பு என்று உங்கள் பிரீமியத்தில் ஒரு வரி இருக்கக்கூடும். அது வங்கிக்கானது. நீங்கள் வாக்குறுதியை மீறிப் படகு போனாலும் வங்கிக்கு நிலுவை கிடைக்கும். கொடுத்த பணத்தை நிறுவனம் உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான பொறுப்பிலும் நீங்கள் உடனிருப்பது எண்ணப்படுகிறது. ஃபுளோரிடாவின் 327.32ஆம் பிரிவு, கவனக்குறைவாக ஓட்டியதற்கான பொறுப்பை ஓட்டியவரோடு நிறுத்துகிறது. ஆனால் உரிமையாளர் படகில் இருந்தால் அவரையும் சேர்க்கிறது. மேற்பார்வைக்காக நீங்கள் நின்றிருந்தால் நீங்களும் உள்ளே வருகிறீர்கள். இதைச் சொல்வது மகனைத் தனியே அனுப்பச் சொல்வதற்காக அன்று. பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான பொறுப்புக் காப்பீட்டுத் தொகையை உயர்த்திக்கொள்வதற்காக. கூடவே, ஒரு குடும்ப உறுப்பினரால் இன்னொரு குடும்ப உறுப்பினருக்கு ஏற்படும் காயத்தைச் சில பாலிசிகள் விலக்குகின்றன என்பதையும் பாருங்கள். மகன் ஓட்டித் தாய் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்பது சங்கடமானது, கேளுங்கள்.

மைத்துனரின் கப்பல் பொறியாளர் சான்றிதழை மதிப்பார்கள், ஆனால் அதை வைத்துச் சுக்கானைக் கொடுக்க மாட்டார்கள்; இயந்திர அறையில் இருப்பவர் துறையில் கட்டிப் பழகியவர் அல்லர் என்பது அவர்களுக்குத் தெரியும். அவரைப் பட்டியலில் சேர்க்க முயன்று மனைவியின் கோரிக்கையைக் குழப்ப வேண்டாம். கடைசியாக, யாட்டோடு வந்த குட்டிப் படகைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. பெரிய படகை ஓட்டக் கூடாது என்றதும் மகனும் நண்பர்களும் ஏறப்போவது அதில்தான். ஓட்டுவோர் பட்டியல் அதற்கும் பொருந்துமா, பின்னால் கட்டி இழுத்துச் செல்லும்போது தொலைந்தால் காப்பீடு உண்டா என்று தனியாகக் கேளுங்கள். அந்த இயந்திரம் 10 குதிரைத்திறனோ அதற்கு மேலோ என்றால் மகனுக்கு அதே அட்டை வேண்டும். 26 அடிக்குக் குறைந்த படகு என்பதால், 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கூட்டாட்சி விதிப்படி, இயந்திர நிறுத்தக் கயிறு பொருத்தப்பட்டிருந்தால் வேகமாகச் செல்லும்போது அதை உடலில் மாட்டியிருக்கவும் வேண்டும்.